ஒரு கேள்வியும் ஆறு கேள்விகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம் பேர். அவர்களில் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானவர்கள் 11 லட்சத்து 80 ஆயிரம். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் இலங்கை தன் மக்களை எண்ணியது. மொத்தம் 2 கோடியே 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் இயலாமையோடு வாழ்பவர்களாகப் பதிவானவர்கள் 16 லட்சத்து 18 ஆயிரம். அதுவும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்காமல். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தீவு அது. அங்கே மாற்றுத்திறனாளிகள் மட்டும் தமிழ்நாட்டைவிட நான்கு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக எப்படி இருக்க முடியும்? விழுக்காட்டில் சொன்னால் இங்கே 1.6, அங்கே ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7.

எவருக்கும் முதலில் தோன்றும் பதில் போர். முப்பது ஆண்டுகள் குண்டும் கண்ணிவெடியும் கண்ட நாடு. கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் அங்கே ஏராளம். யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தி அனுப்பியவர்களைப் பார்த்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 16 லட்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள். நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்கே இரண்டு மூன்று சிரமங்கள் இருக்கலாம் என்பதால் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டும். இவர்களில் பெரும்பாலோர் போர் நடந்த மாவட்டங்களுக்கு வெளியே வாழ்பவர்கள், வயதானவர்கள். போர் இந்த வேறுபாட்டில் ஒரு சிறு பகுதியைத்தான் விளக்கும்.

அடுத்த பதில் முதுமை. இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2012 இல் 12.4 விழுக்காடு. இந்தியாவில் 2011 இல் 8.6. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் முதியோர் விகிதம் 10.4, இந்திய சராசரியைவிட அதிகம், இலங்கைக்கு நெருக்கம். அப்படியானால் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு இந்திய சராசரியான 2.21 ஐவிடக் கூடியிருக்க வேண்டும். குறைந்திருக்கிறது. முதுமையும் விடை தரவில்லை.

இன்னும் பத்தாண்டு பின்னே போனால் குழப்பம் கூடும். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16 லட்சத்து 42 ஆயிரம், அதாவது 2.63 விழுக்காடு. அதே ஆண்டு இலங்கை எண்ணியபோது கிடைத்தது 2 லட்சத்து 75 ஆயிரம் பேர், 1.6 விழுக்காடு. 25 மாவட்டங்களில் 18 இல்தான் அந்தக் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஏழு மாவட்டங்கள் விடுபட்டன. விடுபட்டவை எவையென்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக 2001 இல் தமிழ்நாடு மேலே, இலங்கை கீழே. பத்தாண்டில் தமிழ்நாடு நாலரை லட்சம் பேரைக் குறைத்துக்கொண்டது; இலங்கை ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிக்கொண்டது. மக்களின் உடல் பத்தாண்டில் அப்படி மாறாது. மாறியது கேள்வி.

தமிழ்நாட்டின் சரிவை முதலில் பார்ப்போம். 2001 இல் இங்கே பார்வைக் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானவர்கள் 9 லட்சத்து 64 ஆயிரம். 2011 இல் 1 லட்சத்து 27 ஆயிரம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை திரும்பிவிடவில்லை. மதுரையிலும் சென்னையிலும் கண்புரை அறுவை சிகிச்சை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அது இந்த அளவுக்கு ஈடாகாது. 2001 இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரும் பட்டியலில் இருந்தார்; பார்வை மங்கியிருந்தும் கண் பரிசோதனைக்கு வாய்ப்பே கிடைக்காதவரும் இருந்தார். 2011 இல் ஒற்றைக் கண் பார்வையை விலக்கினார்கள். பகல் வெளிச்சத்தில் பத்தடி தூரத்தில் நீட்டிய விரல்களை எண்ண முடிகிறதா என்பது போன்ற சோதனை கையேட்டில் வந்தது. நாடு முழுவதும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் எண்ணிக்கை 1 கோடியே 6 லட்சத்திலிருந்து 50 லட்சமாகப் பாதியானது இப்படித்தான்.

2011 வீட்டுப் படிவத்தில் இது ஒன்பதாவது கேள்வி. இந்த நபர் மனத்தளவிலோ உடலளவிலோ ஊனமுற்றவரா? ஆம் என்றால் எட்டு வகைகளில் எது? பார்வை, கேட்டல், பேச்சு, நடமாட்டம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய், பிற, பல்வகை. ஆம் இல்லை என்ற முதல் வாசலைத் தாண்டியவருக்கு மட்டுமே இரண்டாவது கேள்வி. இதையேகூடப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் காலத்துக் கணக்கெடுப்புகளில் இருந்து 1941 இல் விடுபட்ட கேள்வி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981 இல் மூன்று வகைகளோடு திரும்பியது. அப்போது இந்தியா முழுவதிலும் கிடைத்தவர்கள் வெறும் 11 லட்சம் பேர். 1991 இல் மறுபடியும் எடுத்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்குப் போராடிய ஜாவேத் அபிதி போன்றோர் விடாமல் வலியுறுத்திய பிறகே 2001 இல் மீண்டது.

இலங்கை 2012 இல் கேட்டது ஆறு கேள்விகள். ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணையம் 2001 இல் அமைத்த வாஷிங்டன் குழு உருவாக்கியவை. கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் சிரமம் இருக்கிறதா? கேட்புக்கருவி பொருத்தினாலும் கேட்பதில் சிரமமா? நடப்பதில், படி ஏறுவதில்? நினைவில் வைப்பதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில்? நீங்கள் வழக்கமாகப் பேசும் மொழியில் பிறருக்குப் புரியவைப்பதில், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில்? ஒவ்வொன்றுக்கும் சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், அதிக சிரமம், முடியவே முடியாது என்ற படிநிலைகளில் பதில். ஊனம் என்ற பேச்சே இந்த ஆறிலும் கிடையாது. எதனால் வந்தது என்றும் இவை கேட்பதில்லை. போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத வன்னியில், எந்தக் காயம் எப்போது எப்படி ஏற்பட்டது என்று அரசு ஊழியரிடம் சொல்லத் தயங்கும் குடும்பங்களுக்கு அது சிறிய விஷயமல்ல. 1981க்குப் பிறகு தீவு முழுவதையும் தழுவிய முதல் கணக்கெடுப்பும் அதுதான்.

இரண்டு வாசல்களை நினைத்துப் பார்க்கலாம். களப்பணிக்குப் போனவர்களுக்கு இரண்டும் பழக்கமானவை. முதல் வாசல் விருதுநகர்ப் பக்கம். வெயில் ஏறும் நேரத்தில் பள்ளிக்கூட டீச்சர் படிவத்தோடு நிற்கிறார். "வீட்ல மாற்றுத்திறனாளி யாராச்சும் இருக்காங்களாம்மா?" "அதெல்லாம் யாரும் இல்லீங்க டீச்சர்." பின்னால் திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். இருட்டினால் சுவரைத் தடவித்தான் நடப்பார். பேரன் சத்தமாகச் சொன்னால்தான் காதில் விழும். மருமகள் பொய் சொல்லவில்லை. வயதானால் கண்ணும் காதும் அப்படித்தான் என்பது அவர் எண்ணம். கலெக்டர் ஆபீஸில் மூன்று சக்கர வண்டி வாங்கியவர்தான் அவருக்கு மாற்றுத்திறனாளி. உள்ளே எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன் ஒருவனும் இருக்கலாம். "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்பார்கள். அவனுக்குக் கல்யாணம் முடியும்வரை வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வாசல் சாவகச்சேரிப் பக்கம். "அம்மாக்குக் கண்ணாடி போட்டாலும் பாக்கிறதில கஷ்டம் இருக்கோ?" "ஓம், பின்னேரம் எண்டால் ஒண்டும் தெரியாது." "நடக்கிறதில, படி ஏறுறதில?" "படி ஏறேலாது. கோயிலுக்குப் போறதையும் விட்டிட்டா." கேட்டவர் எவரையும் எந்தப் பெயராலும் அழைக்கவில்லை. பதில் சொன்னவர் அவமானப்படவும் இல்லை. இரண்டு கிழவிகளின் நிலையும் ஒன்றுதான். ஒருவர் 16 லட்சத்தில் ஒருவர். மற்றவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் உலுக்கியது பெண்களைப் பற்றிய எண். தமிழ்நாட்டில் 2011 இல் பதிவான மாற்றுத்திறனாளிகளில் ஆண்கள் 6 லட்சத்து 57 ஆயிரம், பெண்கள் 5 லட்சத்து 23 ஆயிரம். பெண்களின் பங்கு 44 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் அதே அளவுதான். இலங்கையில் 57 விழுக்காடு. பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். முதுமையில் வரும் மூட்டு, கண், காது, நினைவுக் கோளாறுகளோடு அதிக காலம் வாழ்கிறார்கள். ஆகவே பெண்களின் பங்கு பாதிக்கு மேல் இருப்பதே இயல்பு. அது 44 ஆகக் குறைகிறது என்றால் இடையில் பல லட்சம் பெண்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எப்படி விடுபடுகிறார்கள்? பெரும்பாலும் குடும்பத் தலைவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். ஓர் ஆணுக்கு முதுகு முறிந்தால் வேலைக்குப் போவது நின்றுவிடுகிறது. வீட்டுக்கே அது தெரியும். ஒரு பெண்ணுக்கு முழங்கால் போனால் அவர் அடுப்பைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றிக்கொள்கிறார், குடத்தைச் சின்னதாக்கிக்கொள்கிறார், ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்புகிறார். சோறு நேரத்துக்கு வந்துவிடுகிறது. சோறு வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் எந்தக் குறைபாடும் இல்லை. "உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா" என்ற கேள்விக்கு அந்தப் பெண் அகப்படவே மாட்டார். "படி ஏறுவதில் சிரமம் உண்டா" என்றால் அவரே உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

முதியவர்களின் எண்ணும் இப்படித்தான். இந்தியாவில் 60 வயதைக் கடந்த 10 கோடிக்கும் மேற்பட்டவர்களில் மாற்றுத்திறனாளிகளாக 2011 இல் பதிவானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு. நூறு முதியவர்களில் ஐந்து பேருக்குத்தான் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ தொல்லை என்பதை எந்த ஊரில் யார் நம்புவார்கள்? ஒரு தெருவை ஒரு முறை நடந்து பார்த்தால் போதும். பின்னர் வந்த ஆய்வுகளும் இதே தடத்தில்தான் போயின. 2018 இல் தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றுக்குக் கிடைத்தது 2.2 விழுக்காடு. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வுக்கு ஒரு விழுக்காடு அளவே. உலக மக்களில் ஆறில் ஒருவர், அதாவது 16 விழுக்காட்டினர், கணிசமான இயலாமையோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலக வங்கி 2007 இல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை 4 முதல் 8 கோடி பேர் இருக்கலாம் என்றது. ஆறாவது குடும்பநல ஆய்விலோ இந்தக் கேள்வியையே நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால் இலங்கையின் எண் சரி, தமிழ்நாட்டின் எண் தவறு என்று முடித்துவிட முடியாது. 8.7 விழுக்காட்டுக்குள் கொஞ்சம் சிரமம் என்று சொன்னவர்களும் அடக்கம். வாஷிங்டன் குழு நாடுகளை ஒப்பிடுவதற்குப் பரிந்துரைக்கும் எல்லைக்கோடு அதைவிடக் கடுமையானது: ஆறில் ஒன்றிலாவது அதிக சிரமம் அல்லது முடியவே முடியாது என்று இருக்க வேண்டும். அந்தக் கோட்டைப் போட்டால் இலங்கையின் எண்ணும் வெகுவாகச் சுருங்கும். ஆகவே 1.6 ஐயும் 8.7 ஐயும் பக்கத்தில் வைத்து ஐந்து மடங்கு என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று உண்டு. படிநிலையாகக் கேட்டவர்கள் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி கிடைத்தாலே போதும் என்பவர்கள் எத்தனை பேர், தினமும் துணை வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்கலாம். ஆம், இல்லை என்று மட்டும் கேட்டவர்களிடம் அந்த வசதி இல்லை. கேட்ட அன்றே அது போய்விட்டது.

ஆறு கேள்விகளுக்கும் பெரிய ஓட்டைகள் உண்டு. மனநோயை அவை நேராகத் தொடுவதில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவர் பார்ப்பார், கேட்பார், நடப்பார், குளிப்பார். ஆறிலும் சிரமம் இல்லை என்று வந்துவிடலாம். இந்தியப் படிவமோ மனநோயைத் தனி வகையாகக் கேட்டது. 2011 இல் நாடு முழுவதும் 7 லட்சத்து 23 ஆயிரம் பேரைப் பதிவு செய்தது. உண்மையில் இருப்பவர்களில் சிறு துளிதான். ஆனாலும் கேட்க வேண்டும் என்ற பொறுப்பு அதில் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் எரிந்து இறந்தார்கள். அப்படியொன்று நடந்த மாநிலத்தில் மனநோயைப் பற்றிக் கேட்காத எந்தக் கணக்கெடுப்பையும் முழுமையானது என்று என்னால் ஏற்க முடியாது.

குழந்தைகள் விஷயமும் அப்படியே. பெரியவர்களுக்கான இந்தக் கேள்விகள் சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பதால் இலங்கை ஐந்து வயதுக்குக் கீழே எண்ணவே இல்லை. செவித்திறன் குறைவையும் மூளை முடக்குவாதத்தையும் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்க அதைவிட முக்கியமான வயது கிடையாது. யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2 முதல் 17 வயது வரையான குழந்தைகளுக்குத் தனித் தொகுதியை 2016 இல்தான் வெளியிட்டன.

இனி வறுமையும் உதவியும். எண்ணிக்கை கூடினால் உதவியும் கூடும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். இந்த இரண்டு நிலங்களின் அனுபவம் அதற்கு எதிராக நிற்கிறது. குறைவாக எண்ணிய தமிழ்நாட்டில் உரிமைகளின் பட்டியல் நீளமானது. மத்திய அரசின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7 இலிருந்து 21 ஆக்கியது, அரசு வேலையில் 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பிறருக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 விழுக்காடாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள் உள்ளிட்டோருக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அதிகமாக எண்ணிய இலங்கையில் இன்னும் அடித்தளமாக இருப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புக்கான 1996 ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அரசு வேலையில் 3 விழுக்காடு என்பது 1988 இன் ஒரு சுற்றறிக்கை. அதை மதித்து நடப்பது நிறுவனத்தின் நல்ல மனத்தைப் பொறுத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 2007 இல் கையெழுத்திட்டு, உறுதிப்படுத்த 2016 வரை எடுத்துக்கொண்டார்கள். இந்தியா 2007 இலேயே உறுதிப்படுத்திவிட்டது. மாதக் கொடுப்பனவும் கிடைத்தவர்களுக்குத்தான். பெயர் கொடுத்துக் காத்திருப்போர் பட்டியல் எப்போதும் நீளம். 16 லட்சம் என்ற எண் அங்கே அறிக்கைகளில் இருக்கிறது. வீட்டுக்குள் பணமாக வந்து சேரவில்லை.

அப்படியானால் எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் நீண்ட பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது யாரைச் சென்றடைகிறது? 40 விழுக்காடு என்று மருத்துவச் சான்று பெற்றவரை. மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு அந்தக் கோடு 80; வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும்; கிடைப்பது மாதம் 300 ரூபாய், 2012 முதல் அதே தொகை. அந்த விழுக்காட்டை எலும்பிலும் கண்ணிலும் காதிலும் அளக்கிறார்கள். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று டாக்டர் பார்ப்பார். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம், பேருந்தின் படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் சான்றிதழில் வராது. சான்று வாங்கப் போவதும் லேசல்ல. மருத்துவ முகாம் நாளன்று விடியற்காலை கிளம்ப வேண்டும். உடன் வருபவருக்கு அன்றைய கூலி போகும். ஆட்டோவுக்கு ஒரு தொகை, நகல் எடுக்க ஒரு தொகை. "எலும்பு டாக்டர் இன்னைக்கு லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டால் இத்தனையும் மறுபடி. இந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்தான் அடையாள அட்டை பெறுகிறார். மிக ஏழையானவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

சமூகப்பணி ஆய்வுகளில் நான் காணும் பெரும் குறை இங்கேதான். நம் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளின் வறுமையைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை மாதிரியை எங்கிருந்து எடுக்கின்றன? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பட்டியலிலிருந்து, சிறப்புப் பள்ளிகளிலிருந்து, தொண்டு நிறுவனங்களின் பயனாளிகளிடமிருந்து. அதாவது ஏற்கெனவே அட்டை பெற்றவர்களிடம், ஏதோ ஓர் உதவி ஒருமுறையாவது வந்து சேர்ந்தவர்களிடம் போய், உதவி கிடைக்கிறதா என்று கேட்கிறோம். கிடைக்கிறது, போதவில்லை என்று பதில் வருகிறது. அதை முடிவுரையில் எழுதுகிறோம். திண்ணையில் சுவரைத் தடவி நடக்கும் கிழவியும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணும், மந்தம் என்று மூடி மறைக்கப்பட்ட பையனும் அந்த மாதிரிக்குள் வரவே வழியில்லை. ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகாமல் ஒரு தெருவில் வரிசையாக எல்லா வீட்டுக்கும் போய் ஆறு கேள்விகளைக் கேட்டால் வருவார்கள். வேலை அதிகம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வறுமையை அளக்கும் முறையும் மாற வேண்டும். குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்து, கோட்டுக்கு மேலே கீழே என்று பார்க்கிறோம். ஆனால் ஒரே வருமானம் எல்லா உடலுக்கும் ஒரே வாழ்க்கையை வாங்கித் தராது. மூளை முடக்குவாதம் உள்ள மகளை வைத்திருக்கும் தாய்க்கு நாப்கின் செலவு உண்டு, பிசியோதெரபிக்குப் போய்வரும் செலவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மகளை விட்டு வேலைக்குப் போக முடியாததால் வராமலே போகும் கூலி உண்டு. பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் இதை வலியுறுத்தி வந்தார். சம்பாதிக்க முடியாமல் போவது ஒரு பாதிப்பு, சம்பாதித்ததை வாழ்க்கையாக மாற்ற முடியாமல் போவது அதைவிடப் பெரிய பாதிப்பு என்பது அவர் வாதம். பிரிட்டன் தரவுகளில் ஆய்வாளர் வீப்கே குக்லிஸ் செய்த கணக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் வருமானத்தை மட்டும் பார்த்தால் ஏழைகள் 23.1 விழுக்காடு, கூடுதல் செலவையும் கணக்கில் கொண்டால் 47.4. அங்கேயே இரு மடங்கு என்றால், சக்கர நாற்காலி ஏறாத பேருந்தும், அதனால் அழைக்கும் ஆட்டோவும் அன்றாடமாகிவிட்ட நம் ஊர்களில் அந்தப் பிளவு எவ்வளவு இருக்கும்? தமிழ்நாட்டிலோ வன்னியிலோ இந்தக் கணக்கை யாராவது ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால் அது ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வாக இருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. கேள்வியை இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்; கேட்ட பிறகு செய்ய வேண்டியதைத் தமிழ்நாட்டிடமிருந்து. முதலில் ஆறு கேள்விகள், படிநிலையோடு. கூடவே மனநலத்துக்கு ஒன்றிரண்டு, குழந்தைகளுக்குத் தனியாக. அதிக சிரமம் என்று சொன்னவரிடம் மட்டும் எந்த வகை, சான்று இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று அடுத்த கட்டக் கேள்விகள். அந்த ஏன் இல்லை என்ற பதில்களைத் திரட்டினாலே அரசின் கதவு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டில் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்பது ஒரு பகுதியாக இருக்கிறது. பட்டியலில் இருப்பவர்களைத் தேடிப் போவதோடு அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சமூகப்பணியாளர்களின் கடமை. இலங்கையில் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: 16 லட்சம் என்ற எண் உங்கள் கையில் இருக்கிறது. புதிய சட்டத்துக்கும், கொடுப்பனவுப் பட்டியலில் வரம்பை நீக்குவதற்கும் அதைவிட வலுவான சான்று உங்களுக்கு வேண்டாம்.

2021 இல் நடந்திருக்க வேண்டிய இந்தியக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. பிப்ரவரி மாதம் டீச்சரோ சாரோ படிவத்தோடு வாசலுக்கு வருவார்கள். கேள்வி எந்த வடிவில் வந்தாலும், யாரும் இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் வீட்டுக்குள் திரும்பிப் பாருங்கள். அம்மாவுக்குக் கண் தெரிகிறதா, அப்பாவுக்குக் காது கேட்கிறதா, அக்கா படி ஏறுகிறாரா, தம்பிக்குச் சொன்னது நினைவிருக்கிறதா என்று யோசித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்க வரும் ஆசிரியர்களே, நீங்களும் குடும்பத் தலைவரின் பதிலோடு நிறுத்திவிடாமல், வீட்டிலிருக்கும் வயதான பெண்ணிடம் ஒரு வார்த்தை நேராகக் கேளுங்கள்.